மணப்பாட்டு அலைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஆனி மாதம் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில், சிலுவைக் கோயில் குன்றுக்குக் கீழே நின்று மூன்று பையன்கள் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனையில் அலையைப் பிடித்து, போர்டில் எழுந்து நின்று, நெடுந்தூரம் போனார்கள். பார்க்கவே நிறைவாக இருந்தது. அப்புறம் மூன்று பேரும் போர்டைத் திருப்பி, வந்த வழியே கடலுக்குள்ளேயே திரும்ப ஆரம்பித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே இடத்தில் நான் செய்த தவறு அது.

லீஷ் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) கட்டு, தண்ணீர் கொண்டு வா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

உயரத்தை மட்டும் பார்ப்பது

அலை நிலவரம் சொல்லும் ஆப்பைத் திறந்ததும் அலை எத்தனை மீட்டர் என்றுதான் பார்க்கிறார்கள். இரண்டு மீட்டர் என்றால் உடனே பையைக் கட்டிவிடுகிறார்கள். மணப்பாடு மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. கிழக்கே இலங்கை மறித்து நிற்பதால், நமக்கு நல்ல அலை தெற்கிலிருந்து, குமரி முனையைத் தாண்டித்தான் வர வேண்டும். இங்கே முக்கியம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்பது.

15 நொடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 350 மீட்டர். அதில் பாதி ஆழம் வந்ததுமே அது கடல் தரையை உணரத் தொடங்கும். அதனால் தூரத்திலேயே திரும்பி, குன்றைச் சுற்றி வளைந்து, ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மடிந்துகொண்டே போகும். நாம் நெடுந்தூரம் நின்று போக முடிவது அதனால்தான். 7 நொடி அலையின் நீளம் 76 மீட்டர்தான். பக்கத்துக் காற்று கிளப்பிய அலை அது. எவ்வளவு உயரமாக இருந்தாலும் இப்படி வளையாது. ஒரு மீட்டர், 15 நொடி, தெற்குத் திசை என்று காட்டினால் கிளம்பி வாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை அப்படிப்பட்ட நாட்கள் வரும். ஐப்பசி கார்த்திகையில், சென்னையில் அலை நன்றாக இருக்கிறதே என்று இங்கே வர வேண்டாம்.

கடல் வழியே திரும்புவது

அலை கரைக்குச் சாய்வாக மடியும்போது, அது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் கரையை ஒட்டியே ஓடும். மீனவர்கள் நீவாடு என்பார்கள். அலை உங்களைக் கொண்டுபோன அதே திசையில்தான் நீவாடும் ஓடுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். புதிதாகப் பழகியவர் கையால் தண்ணீரைத் தள்ளி அதை எதிர்த்துப் போக முடியாது. போவதுபோல் இருக்கும், கரையில் ஒரு பனையைக் குறி வைத்துப் பார்த்தால் அது அங்கேயே நிற்கும்.

நான் வந்தது ஓர் ஆடி மாதம். காலை ஏழு மணிக்கு இறங்கினேன். ஒவ்வொரு அலைக்குப் பிறகும் கடல் வழியாகவே திரும்பினேன். நான்காவது தடவை கை தூக்க வரவில்லை. கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று அலை மடியும் இடத்துக்கு வெளியே போய் போர்டில் உட்கார்ந்தேன். மணி பத்து இருக்கும். மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, எழும்பிவிட்டது. முப்பந்தலிலும் ராதாபுரம் பக்கத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று. இந்தக் கரையில் அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரத் தண்ணீர் குளம் போலத் தெரியும், ஆபத்தே அதுதான். கால் மணி நேரத்தில் குன்றின் மேலிருந்த கோயில் சிறுத்துப்போனது.

வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டார். பாதி வலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பி வந்து என்னை ஏற்றினார். திரும்பிப் போவதற்குள் வலை பாரில், அதாவது கடலடிப் பாறையில், சிக்கிக் கிழிந்திருந்தது. கரைக்கு வந்ததும், "தம்பி, கரை இருக்குல்லா? நடந்து போயிருக்கலாமே?" என்று கேட்டார். திட்டவில்லை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. வலையைச் சரிசெய்ய நான்கு நாள். அந்த நான்கு நாளும் அவர் வீட்டில் வருமானம் இல்லை. என் சோம்பலுக்கு அவர் கொடுத்த விலை அது. அதனால்தான் யாராவது போர்டைத் திருப்பிக் கையால் தண்ணீரைத் தள்ளும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அலை முடிந்ததா, கரையேறுங்கள். போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு முனை வரைக்கும் நடங்கள். கைக்கும் ஓய்வு. செருப்பை இறங்கும் இடத்தில் விடாமல், அலை முடியும் இடத்தில் விடுங்கள். வெயில் ஏறிய பின் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆனி ஆடியில் காற்று எழும்பும் முன் வெளியே வந்துவிடுங்கள். அப்படியும் இழுத்துவிட்டால், போர்டை விடாமல் குப்புறப் படுத்து, முனையை மறந்து, எது பக்கமோ அந்தக் கரையைப் பார்த்துத் தள்ளுங்கள். வள்ளம் தெரிந்தால் கையை ஆட்டுங்கள்.

அந்த மூன்று பையன்களையும் கூவி அழைத்தேன். இரண்டு பேர் கரையேறி நடந்தார்கள். மூன்றாமவன் அரை மணி நேரம் அதே பனைக்கு நேராகக் கிடந்துவிட்டு வந்து மணலில் படுத்தான்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குவது

நீண்ட இடைவெளி அலைகள் கூட்டமாக வரும். நடுவில் வெகுநேரம் கடல் சும்மா கிடக்கும். குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தால் அதுவும் வேண்டாம், கரைக்கே போகாதீர்கள். தூரத்துத் தென்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் ஏறி வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரத்தில் ஐந்து பயிற்சி மருத்துவர்களைக் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

குட்டை போர்டு

வேண்டாம். ஒன்பது அடி ஃபோம் போர்டு.

ஞாயிற்றுக்கிழமை தனியாக இறங்குவது

அன்று ஊர் பூசைக்குப் போகும். கடலில் வள்ளம் இருக்காது. உங்களைப் பார்க்க ஆளில்லை.

செப்டம்பர் முதல் இரண்டு வாரம்

14ஆம் தேதி சிலுவைத் திருவிழா. ஊர் முழுக்க யாத்திரிகர்கள். திருவிழாவுக்கு வாருங்கள், போர்டு வேண்டாம்.

வள்ளம் ஏறும் பாதையில் போர்டைப் போடுவது

வள்ளம் அலை மேல் வேகமாக ஏறி வந்து மணலில் முட்டி நிற்கும். நடுவில் நிறுத்த முடியாது. அந்தப் பாதை எது என்று முதலில் கேளுங்கள். "அண்ணாச்சி, நான் எங்க இறங்கட்டும்?" என்றால், இடத்தைக் காட்டுவதோடு இன்றைக்கு நீவாடு எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிடுவார்கள்.