கலங்கிய குளிர்நீரில் பாஸ் மீன்

குளிர்கால மழை நீரைக் கலக்கிவிட்டால் கரையிலிருந்து பாஸ் பிடிப்பது வீண் வேலை என்பார்கள். அன்று நீர் 7 டிகிரி செல்சியஸ். கையை விட்டால் விரல் தெரியவில்லை. நடு ஆழத்தில் வீசிய தூண்டிலை எதுவும் சீண்டவில்லை.

முதலில் வீசும் திசையை மாற்றினேன். கலங்கிய நீரில் பாஸ் பெரும்பாலும் பாறை, மரக்கட்டை போன்ற மறைவை ஒட்டிக் கரையோரமே கிடக்கும். எனவே கரைக்கு இணையாக, கற்களை உரசும்படி வீசினேன். பிற்பகல் வெயில் நேராக விழும் கற்கரைதான் என் தேர்வு. அங்கே நீர் சற்றே வெதுவெதுக்கும்.

பளபளக்கும் வெள்ளி இரைகளை ஒதுக்கி, கிலுகிலுப்பை பொருத்திய கறுப்பு, நீல ஜிக்கை, அதாவது கனத்த தலையுள்ள கொக்கியாலான செயற்கை இரையைக் கட்டினேன். கண் உதவாத இடத்தில் மீன் தன் பக்கக்கோட்டால், அதாவது உடலின் இருபுறமும் ஓடும் உணர்வுறுப்பால், அதிர்வை உணர்ந்து வேட்டையாடுகிறது. கருநிறம் நிழலுருவாகவாவது தெரியும்.

கடினமானது வேகம்தான். குளிரில் உடல் மந்தமான மீன் இரையைத் துரத்தாது. தரையோடு ஒரு சாண் இழுத்து, பத்து நொடி அப்படியே விட வேண்டும். பொறுமையற்றவனுக்கு இது தண்டனை! கடியும் வெடுக்கென்று வராது; தூண்டில் நரம்பு கனப்பதுபோல் தோன்றும், அல்லது பக்கவாட்டில் நகரும். அந்த நொடியே தூண்டிலைச் சுண்டினேன். பெரிய பாறையின் அடியில் முதல் மீன் மாட்டியது. அதே இடத்தில் விடாமல் வீசியதில் இன்னொன்றும்.