தந்தையின் 15 நாள் விடுப்பை எப்போது எடுப்பது?

மத்திய அரசுப் பணியில் இருக்கும் தந்தைக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 15 நாள் விடுப்பு உண்டு. பிரசவமான ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். பலரும் அதைப் பிரசவத்தை ஒட்டியே செலவழித்துவிடுகிறார்கள், அதுவும் பாட்டிமார் கூடவே இருந்து, மருந்துக் கடைக்குப் போவதைத் தவிர தந்தைக்கு வேலையே இல்லாத நாட்களில்.

தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் தாய், தன் 26 வார விடுப்பில் 4 வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால், குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்ததுமே அலுவலகம் திரும்ப வேண்டியிருக்கும். அந்த முதல் இரண்டு வாரங்களுக்குத் தந்தை தன் விடுப்பை ஒதுக்கிவைத்தால், எடுத்துவைத்த தாய்ப்பாலைப் புகட்டுவது முதல் தூங்கவைப்பது வரை அனைத்தையும் அவரே தனியாகச் செய்து பழகுவார். உதவிக்கு ஆளில்லாத வீட்டில், குறிப்பாக அறுவைசிகிச்சைப் பிரசவம் என்றால், உடனே எடுப்பதே சரி.