கிட்டாரோடு கடல் கடக்கும் முன்: நான் செய்த தவறுகள்

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜெர்மனியிலிருந்து பராச்சோவுக்குப் போய்விடுவேன். மெக்சிக்கோவின் மிச்சோவகான் மாநிலத்தில், மலைமேட்டில் இருக்கும் சின்ன ஊர். தெருவுக்குத் தெரு கிட்டார் பட்டறைகள். காற்றிலேயே தேவதாரு மரத்தூள் வாசம் இருக்கும். ஆகஸ்டில் அங்கே கிட்டார் திருவிழா. வாசித்து முடித்த கையோடு யாராவது ஒரு பிள்ளை என்னிடம் வந்து நிற்கும். “மாயெஸ்த்ரோ (ஆசிரியரே), நானும் ஜெர்மனிக்கு வருகிறேன்.” எப்போது? அக்டோபரில். டிக்கெட்? எடுத்தாயிற்று. பட்டம்? அந்த இடத்தில்தான் பேச்சு தடுமாறும். என் வயிறும் அந்த இடத்தில்தான் எரியும்.

மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல குளிர்கோட்டு வாங்குங்கள், கச்சேரிக்கு நேரத்தோடு போங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை உங்கள் அத்தையே சொல்லிவிடுவார்.

கிட்டாரைச் சரக்கில் போடுவது

போடாதீர்கள்.

90 நாள் போதும் என்று நினைப்பது

மெக்சிக்கோ பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமலேயே ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழையலாம். எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள் வரை தங்கலாம். நுழைவுத் தேர்வில் வாசிக்க வருவதற்கு அது தாராளம். தேறிய பிறகு அப்படியே தங்கிப் படிக்கலாம் என்பது கனவு. ஊருக்குத் திரும்பி, தூதரகத்தில் மாணவர் விசா வாங்கிக்கொண்டுதான் மறுபடி வரவேண்டும். அதற்கும் முன்னதாக ஓராண்டுச் செலவுக்கான பணத்தை (2024 செப்டம்பர் கணக்கில் 11,904 யூரோ), மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கவிடும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும்.

பட்டம் வாங்காமல் கிளம்புவது

மெக்சிக்கோவில் படிப்பை முடிப்பது வேறு, பட்டம் வாங்குவது வேறு. எல்லாப் பாடங்களிலும் தேறியவனுக்கு ‘பசாந்தே’ என்று பெயர். அவன் பட்டதாரி இல்லை. பட்டம் வேண்டுமென்றால் சமூக சேவை முடிக்கவேண்டும். வழக்கமான கணக்கு 480 மணி நேரம். பிறகு தேர்வுக் குழுவின் முன் முழுக் கச்சேரி வாசித்து, வாசித்த படைப்புகளைப் பற்றி விரிவாக எழுதியும் கொடுக்கவேண்டும். இந்தக் கடைசிப் படியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் நாட்டில் எல்லாத் துறையிலும் உண்டு. இசைக்காரர்களுக்கு இது கூடுதலாகவே பிடித்த நோய். “காகிதத்தைப் பார்த்தா கைதட்டப் போகிறார்கள்?” என்று ஒரு வசனம் வேறு வைத்திருப்போம். நானும் வைத்திருந்தேன்.

மெக்சிக்கோ நகரத்தில் ஓர் இசைப் பள்ளியில் படித்தேன். என் சமூக சேவை, சனிக்கிழமைதோறும் ஒரு பண்பாட்டு இல்லத்தில் குழந்தைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பது. வருகைத் தாளில் வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. 290 மணி நேரம் ஆகியிருந்தபோது ஒரு போட்டி வந்தது. போட்டி முடிந்ததும் ஜெர்மனி நுழைவுத் தேர்வு வந்தது. சனிக்கிழமைகள் அப்படியே நின்றுபோயின. இன்னும் 190 மணி நேரம். விரல்விட்டு எண்ணினால், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 24 நாள்.

ஜெர்மனியின் தென்மேற்கில், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் இசைக் கல்லூரி ஒன்றில் முதுநிலைக்கான நுழைவுத் தேர்வில் வாசித்தேன். எங்கள் மெக்சிக்கோ இசையமைப்பாளர் மனுவேல் பொன்ஸேயின் ‘ஃபோலியா’ மாறுபாடுகளும், ஜெர்மன் மேதை பாக் எழுதிய, ஒரே மெட்டைப் பல குரல்கள் துரத்திப் பிடிக்கும் ஃப்யூக் ஒன்றும். பேராசிரியர் எழுந்து வந்து கைகுலுக்கினார். அன்றிரவு ஊரிலிருக்கும் எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன்.

மறுநாள் சேர்க்கை அலுவலகம். கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார் என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளில் அவருடைய விரல் நின்றது. “பசாந்தே என்றால் என்ன?” என்று கேட்டார். என்னிடம் அப்போது இருந்த ஜெர்மன் சொற்கள் நூறு இருந்தால் அதிகம். சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னேன்: “கடந்து போகிறவன்.” அவர் சிரிக்கவில்லை. “எங்கே கடந்து போகிறீர்கள்?” என்றும் கேட்கவில்லை. தாளைத் தனியே எடுத்து வைத்து, முதுநிலைக்கு இளநிலைப் பட்டம் வேண்டும் என்று எழுதியிருந்த வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது அதற்குப் பிறகு நான் செய்ததுதான். “ஊருக்குப் போய்ப் பட்டத்தை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு வந்து மறுபடி வாசி, இடம் கிடைக்கும்” என்றார் பேராசிரியர். நியாயமான யோசனை. ஆனால் நான்தான் எல்லோருக்கும் போன் செய்திருந்தேனே! ஓராண்டு ஊரில் உட்கார்ந்திருந்தால் “என்னப்பா, திரும்பி வந்துவிட்டாய்?” என்று கேட்பார்களே என்ற ஒரே நினைப்பு. இருபத்து நான்கு வயதில் ஓராண்டு ஒரு யுகம்போலத் தெரியும். முதுநிலை இல்லையென்றால் இளநிலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன், சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டு செமஸ்டர். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்வரம் எழுதும் வகுப்பு. ஏற்கெனவே படித்ததற்கெல்லாம் விலக்குக் கேட்டேன். இரண்டு பாடத்துக்குக் கிடைத்தது. அந்த மாநிலத்தில் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். எட்டால் பெருக்கினால் 12,000 யூரோ. அந்தப் பணத்துக்கு மிக நல்ல கிட்டார் ஒன்று வாங்கியிருக்கலாம். 190 மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் நான்கு ஆண்டுகள் போயின.

கதை அதோடும் முடியவில்லை. இளநிலைக்கு என் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழில் அப்போஸ்டில் முத்திரை கேட்டார்கள்; ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை அது. அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊரான ஊருவாப்பானிலிருந்து இரவு பஸ் ஏறி மெக்சிக்கோ நகரம் போய், விடியற்காலையில் வரிசையில் நின்றார். முறை வந்தபோதுதான் தெரிந்தது: மாநில அரசு கொடுத்த சான்றிதழுக்கு அந்த மாநிலமே முத்திரை போடவேண்டும், நடுவண் அரசின் அலுவலகம் நடுவண் அரசின் ஆவணங்களுக்கு மட்டும். அம்மா திரும்பி எங்கள் மாநிலத் தலைநகர் மொரேலியாவுக்குப் போனார். கால் வீங்கியிருந்ததைப் பல மாதங்கள் கழித்து என் தங்கைதான் சொன்னாள். இந்த விதியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆகவே பராச்சோவில் பட்டம் பற்றி நான் கேட்டதும் “அது பிறகு பார்த்துக்கொள்ளலாம், மாயெஸ்த்ரோ” என்று சிரிப்பவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கர்வம் என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். பட்டத்தின் மூலப்பிரதி, மதிப்பெண் பட்டியல், இரண்டிலும் அப்போஸ்டில், உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. இவை பையில் ஏறிய பிறகு கிட்டாரை ஏற்றுங்கள்.

மாணவர் அனுமதியை வைத்துக்கொண்டு ரசீது எழுதுவது

ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. ஒரு தேவாலயத்தில் வாசித்துவிட்டு உங்கள் பெயரில் ரசீது எழுதினால், ஒரு வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் காசு வாங்கினால், அது சுயதொழில். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். குடியிருப்பு அனுமதியோடு கொடுக்கும் இணைப்புத் தாளில் இது எழுதியிருக்கும். நம்மவர்கள் அதை வாசிப்பதே இல்லை. முதலில் அனுமதி, பிறகு ரசீது. கிட்டார் கலைஞனின் பிழைப்பு ஏறத்தாழ முழுவதும் சுயதொழில்தான் என்பதால் இந்த வரி மற்றவர்களைவிட நம்மைத்தான் கடிக்கும்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். அந்தக் காலத்திலேயே கலைஞர் சமூகக் காப்பு நிதியத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வாசிப்பவர்களை மட்டுமில்லை, சொல்லிக்கொடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் இரண்டிலும் கிட்டத்தட்டப் பாதிச் சுமையை நிதியம் ஏற்கும். நான் இரண்டு ஆண்டு கழித்துத்தான் சேர்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். படிவம் நீளமாக இருந்தது.

முதல் குளிர்காலத்தை நம்புவது

ஊருவாப்பான் மழைக்குப் பேர்போன ஊர். ஈரத்தில் வளர்ந்த கிட்டாரும் நானும் ஜெர்மன் குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும் அறைக்கு வந்தோம். சன்னலுக்கு வெளியே பனி, அதனால் காற்றில் ஈரம் இருக்கும் என்று நினைத்தேன். குளிர்காற்றைச் சூடாக்கினால் அது எலும்புபோல உலர்ந்துவிடும். முதல் அறிகுறி கையில் தெரிந்தது: கிட்டார் கழுத்தின் ஓரத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகளின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறின. மரம் சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை. அதையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் இரவு தூக்கத்தில் கிளை முறிவதுபோல ஒரு சத்தம். காலையில் பெட்டியைத் திறந்தால், மேற்பலகையில், கம்பிகளைக் கட்டியிருக்கும் பாலத்திலிருந்து அடிவிளிம்பு வரை நேர்கோடாக ஒரு விரிசல்.

ஈரப்பதமானி பத்து யூரோவுக்குள் கிடைக்கும். முள் 45-க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவே நிற்கட்டும். வழி தெரியாதவர்கள், துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்துக் கிட்டார் பெட்டிக்குள் போடுங்கள். பஞ்சைப் பிழிந்துவிட்டு வையுங்கள். சொட்டினால் அது வேறு கதை.

நகம்

கம்பியை மீட்டும் நகம் உடைந்தால் பிழைப்பு போச்சு. பிங்பாங் பந்தை வெட்டி, உடைந்த நகத்தின் அடியில் பசை போட்டு ஒட்டும் வித்தை கைவரும்வரை தகர டப்பாக்களைக் கையால் திறக்காதீர்கள்.

தாத்தாவின் கிட்டார்

முதுகுப் பலகை பிரேசில் ஈட்டி மரமா? அந்த மரத்தின் சர்வதேச வணிகம் 1992 முதல் தடை. வாசிக்கும் கிட்டாராகவே இருந்தாலும் எல்லை தாண்ட உரிய சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

மரியாச்சி வாசிக்கச் சொன்னால் கோபப்படுவது

மெக்சிக்கோக்காரன் என்றாலே எங்கள் நாட்டு வாத்தியக் குழுக்களின் அந்தப் பாட்டைக் கேட்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

பொன்ஸேயை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது

ஐரோப்பாவுக்கு வந்ததும் எல்லோரும் வாசிக்கும் அதே ஸ்பானியத் துண்டுகளைத்தான் நம் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். அதை இங்கிருப்பவர்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். உங்களைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டாமா? பொன்ஸே 1882-இல் சகத்தேகாஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஊரில் பேரும் புகழும் வந்த பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, 1925-இல் பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் டியூகாவின் வகுப்பில் மாணவனாக உட்கார்ந்தார். கிட்டாருக்கு அவர் எழுதிய முக்கியமான படைப்புகளில் பல, பாரிஸில் இருந்த எட்டு ஆண்டுகளில் பிறந்தவை. எனக்கு இளநிலை வகுப்பில் எரிச்சல் வந்தபோதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். ஆறுதல் ஆகவில்லை; அவர் விரும்பிப் போய் உட்கார்ந்தவர்.

ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவும் பொன்ஸேயும் சேர்ந்து ஒரு குறும்பு செய்தார்கள். பொன்ஸே பழைய பாணியில் எழுதிய ஏ மைனர் தொகுப்பை, 18-ஆம் நூற்றாண்டின் ஜெர்மனியைச் சேர்ந்த, லூட் என்ற பழைய தந்தி வாத்தியக் கலைஞர் சில்வியுஸ் லியோபோல்ட் வைஸ் எழுதியது என்று சொல்லி செகோவியா வாசித்துவந்தார். பல ஆண்டுகள் உலகம் நம்பியது.

அந்தத் தொகுப்பைப் போன குளிர்காலத்தில் ஒரு கிராமத் தேவாலயத்தில் வாசித்தேன். முப்பது பேர் இருந்தார்கள், வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர் நிகழ்ச்சித் தாளை நீட்டினார். ‘பொன்ஸே’ என்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் அழகான கையெழுத்தில் ‘வைஸ்’ என்று திருத்தியிருந்தார். அச்சுப்பிழை என்று நினைத்துவிட்டாராம். வீட்டில் பழைய இசைத்தட்டு இருக்கிறதாம். அதில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். அரைமணி நேரம் பேசினோம். ஜனவரியில் அவர் ஊர் இசைச் சங்கத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார். நிகழ்ச்சித் தாளைத் தானே அச்சடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.