சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தும் சோதனை

கார்பன் டை ஆக்சைடு பட்டால் சுண்ணாம்பு நீர் வெளுக்க வேண்டும். இந்தச் சோதனை சொதப்பினால் பெரும்பாலும் குற்றம் வாயுவில் இருக்காது, சுண்ணாம்பு நீரில் இருக்கும். அதை முந்தைய நாளே தயாரித்துவிடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டு, மூடிக் குலுக்கி, இரவு முழுதும் அசைக்காமல் வையுங்கள். ஏறத்தாழ 1.7 கிராம்தான் கரையும். மீதி அடியில் தங்கும். வெந்நீர் வேண்டாம், சூட்டில் இன்னும் குறைவாகவே கரையும். மேலே தெளிந்ததை மட்டும் வடிதாளில் வடித்து, புட்டியைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே வெள்ளை ஏடு படியவைத்துவிடும்.

வாயுவுக்குச் சலவைக்கல் துண்டுகளும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும். கந்தக அமிலம் ஊற்றினால் எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் கல்லைப் போர்த்தி, வினை விரைவில் நின்றுபோகும். அமில ஆவி கூடவே வந்தால் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும், வெண்மை வராது. ஆகவே வாயுவை முதலில் சிறிது நீருக்குள் செலுத்திக் கழுவுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, சோதனைக் குழாயில் 5 மில்லிலிட்டர் சுண்ணாம்பு நீர் எடுத்து, வாயுவைக் கொண்டுவரும் போக்குக் குழாயின் நுனியை அதில் அமிழ்த்துங்கள். கால்சியம் கார்பனேட் உருவாகி நீர் பால்போல் வெளுக்கும். உடனே குறித்துக்கொள்ளுங்கள். வாயு தொடர்ந்து சென்றால் அந்தக் கார்பனேட், கரையும் கால்சியம் பைகார்பனேட்டாக மாறி, நீர் மறுபடி தெளிந்துவிடும். அதைப் பார்த்து ‘வினை நடக்கவில்லை’ என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம்! சந்தேகமிருந்தால் சோதனைக் குழாயைச் சூடாக்குங்கள். பைகார்பனேட் சிதைந்து வெண்மை திரும்பும்.

கந்தக டை ஆக்சைடும் இதேபோல் வெளுக்கவைக்கும், ஆனால் அதன் காரநெடி காட்டிக்கொடுத்துவிடும்.

குழாயில் ஒட்டிய வெள்ளைப் படிவு தேய்த்தால் போகாது. சில சொட்டு நீர்த்த அமிலம் விட்டுக் கழுவுங்கள்.