தே தாரிக் கொட்டிய கைப்பேசி: வீட்டில் திறந்து, கழுவி, உலர்த்தும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கைப்பேசிக்குள் போவது பெரும்பாலும் வெறும் தண்ணீர் அல்ல. கடை மேசையில் சாயும் தே தாரிக் (டின் பால் சேர்த்து இழுத்து ஆற்றும் தேநீர்), பிள்ளைகள் கொட்டும் மைலோ, அடுப்படியில் தெறிக்கும் சாம்பார் என்று ஏதாவது ஒன்றுதான். கொட்டியது எது என்பதைப் பார்த்துத்தான் கழுவ வேண்டும். ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். தே தாரிக்குக்கு அது போதாது. டின் பாலில் உள்ள சர்க்கரை ஆல்கஹாலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எனவே முதலில் வடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்), பிறகு ஆல்கஹால்.

கொட்டிய உடனே

சார்ஜில் இருந்தால் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள், அப்புறம் கேபிளைப் பிடுங்குங்கள். கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று திரும்பப் போட்டுப் பார்க்கவே கூடாது. வெறும் ஈரத்தால் மட்டும் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை கெடுவதில்லை. ஈரத்தின் ஊடாக மின்சாரம் ஓடும்போதுதான் செம்பு வேகமாக அரித்துப் பச்சைப் படிவமாகிறது. உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, சார்ஜ் துளை கீழே பார்க்கும்படி பிடித்து வடியவிடுங்கள். உதறினால் திரவம் இன்னும் உள்ளே பரவும்.

அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் கிடக்கும் அரிசி கைப்பேசியின் உள் ஈரத்தை இழுக்காது. காத்திருக்கும் நேரத்தில் சர்க்கரை பாகுபோல் இறுகிவிடும், அரிசித் தூள் சார்ஜ் துளையை அடைக்கும். வெயிலும் ஹேர் டிரையரின் சூடும் பேட்டரிக்கு ஆகாது.

என்னென்ன வேண்டும்

பிலிப்ஸ் 000 அளவுத் திருப்புளி, மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோல், பழைய கிடார் பிக் ஒன்றிரண்டு, மென்மையான பல் துலக்கி, மல்டிமீட்டர், 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கால் லிட்டர், வடிநீர் அரை லிட்டர். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் மீதி தண்ணீர்தான், கடைசி அலசலுக்கு அது உதவாது. வடிநீரை வாகனப் பொருள் கடையில் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் தருவார்கள். அருகிலேயே பேட்டரி அமிலமும் இருக்கும். போத்தலின் எழுத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் வேண்டாம். சன்னலைத் திறந்த அறையில், சிகரெட்டோ சாமி விளக்கோ எரியாத நேரத்தில் செய்யுங்கள்.

திறப்பது

பின்மூடி ஒட்டப்பட்ட ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான முறை இது. பல ஐபோன்கள் திரைப் பக்கமாகத் திறப்பவை. திரைக் கேபிள் கிழிந்தால் செலவு பெரிது. அவற்றையும் மடிக்கும் கைப்பேசிகளையும் புதியவர்கள் வீட்டில் திறக்க வேண்டாம்.

ஹேர் டிரையரால் மூடியின் ஓரத்தை மட்டும், கை பொறுக்கும் சூடு வரை, நகர்த்தி நகர்த்திக் காட்டுங்கள். இங்கே சூடு பசையை இளக்குவதற்கு மட்டுமே. பிக்கை நுழைத்து ஓரமாகவே நகர்த்துங்கள். ஆழமாகப் போனால் கைரேகைக் கேபிளோ பேட்டரியோ கிழியும். பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு தாளில் கைப்பேசியின் வடிவத்தை வரைந்து, அதது இருந்த இடத்தில் ஒட்டுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறாக இருக்கும். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது பலகையின் உள் தடங்களைத் துளைத்துவிடும். தண்ணீரில் பிழைத்த பலகை இப்படிச் செத்துப்போவது உண்டு.

முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி இணைப்பு, அதுவும் பிளாஸ்டிக் கருவியால் மட்டும். பிறகு திரை, சார்ஜ் பலகை, ஆன்டெனா கேபிள்கள். ஒவ்வொன்றுக்கும் முன் வேறொரு கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராக்களைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு முதன்மைப் பலகையை வெளியே எடுங்கள்.

கழுவுவது

பலகையில் பழுப்புக் கறை தெரிந்தால் காய்ந்த தேநீர், பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் அரிப்பு. இணைப்பிகளின் பற்களிலும் சில்லுகளை மூடியிருக்கும் தகர மூடிகளின் ஓரத்திலும் உற்றுப் பாருங்கள். பலகையைத் தட்டில் வைத்து மூழ்கும் அளவு வடிநீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, நீரை மாற்றி, மறுபடியும் தேய்க்க வேண்டும். பிசுபிசுப்பு போனபின் ஆல்கஹாலில் ஐந்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்து, புதிய ஆல்கஹாலில் ஒருமுறை அலசுங்கள். தகர மூடிகளுக்கு அடியில் தங்கிய தண்ணீரை இந்த ஆல்கஹால்தான் வெளியேற்றும். சுத்தமான தண்ணீர் மட்டும் பட்டிருந்தால் நேராக ஆல்கஹாலுக்கே போகலாம்.

பேட்டரி, திரை, கேமரா, ஒலிபெருக்கி, அதிர்வு மோட்டார் எதையும் முக்காதீர்கள். திரைக்குள் திரவம் ஏறினால் கறை நிலைத்துவிடும். சார்ஜ் துளை உள்ள சிறு பலகையில் மைக் ஒட்டியிருக்கும், அதைப் பஞ்சுக் குச்சியால் மட்டும் துடையுங்கள். முதன்மைப் பலகையிலும் மேல்முனையில் இன்னொரு மைக் இருக்கலாம். அதன் துளையை டேப்பால் மூடி, அந்த முனை முழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலர்த்துவது, சோதிப்பது

ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும், இணைப்பிகளுக்குள் ஒளிந்த ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. காற்றாடிக்கு முன்னால் ஒரு நாள் முழுவதும் வையுங்கள். வெளியே மழை கொட்டும் நாளானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பா நல்லது.

பேட்டரியை மாட்டுமுன் மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, பலகையில் பேட்டரி இணைப்பின் பிளஸ், மைனஸ் முனைகளைத் தொடுங்கள். விடாமல் பீப் அடித்தால் உள்ளே ஷார்ட், பேட்டரியை மாட்டவே கூடாது. அடிக்கவில்லை என்றால் முதலில் திரையை, கடைசியில் பேட்டரியை மாட்டி, மூடியை ஒட்டாமலே ஆன் செய்யுங்கள். பலகையில் ஏதாவது ஓர் இடம் கை பொறுக்காமல் சுட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள்.

அதிர்கிறது, திரை மட்டும் இருட்டு என்றால் திரை இணைப்பியை மறுபடி துடைத்து அழுத்திப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லையா, பெரும்பாலும் சிறு பலகைதான். பல மாடல்களில் அது தனியாகக் கிடைக்கும், மாற்றுவதும் எளிது. குரல் அமுங்கிக் கேட்டால் ஒலிபெருக்கி வலையில் சர்க்கரை அடைத்திருக்கும்.

ஆன் ஆனதும் முதல் வேலை படங்களையும் வாட்ஸ்அப்பையும் காப்பு எடுப்பது. வங்கிச் செயலி இந்தக் கைப்பேசியில் மட்டும் பதிவாகியிருந்தால் அதை மாற்றவும் ஏற்பாடு செய்யுங்கள். விட்டுப்போன அரிப்பு சில வாரம் கழித்தும் பலகையைத் தின்னும், இன்று ஓடுவதை நம்பிவிட முடியாது.

இரண்டு நாள் ஒழுங்காக ஓடியபின் மூடியின் பழைய பசையைச் சுரண்டி, பி-7000 என்ற கைப்பேசிப் பசையை மெல்லிய கோடாகத் தடவி, துணிக் கிளிப்புகளால் இலேசாக அழுத்தி ஓர் இரவு வையுங்கள். பழைய நீர்த்தடுப்பு இனி இருக்காது.

ஷார்ட் அடித்தாலோ பேட்டரி உப்பியிருந்தாலோ ஹேண்ட்போன் கடைதான். நுண்ணோக்கி வைத்துப் பலகை வேலை செய்பவரா என்று கேட்டுக்கொண்டே கொடுங்கள். உள்ளூரில் அப்படி யாரும் இல்லையென்றால் ஈப்போவுக்குப் போவது வீண் அலைச்சல் அல்ல. கொட்டியது எது, எப்போது, அதன்பின் சார்ஜ் போட்டீர்களா, எதனால் கழுவினீர்கள் என்ற நான்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பகுதியை முதலில் பார்ப்பது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.