டிடெம்னம் வெக்சில்லம்: அயல் அசிடியனை அடையாளம் காணும் முறை

ஜப்பான் கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்டதெனக் கருதப்படும் டிடெம்னம் வெக்சில்லம் என்ற அசிடியன் (பரப்புகளில் ஒட்டி வாழ்ந்து நீரை வடிகட்டி உண்ணும் கடல் விலங்கு), 2008இல் வேல்ஸின் ஹோலிஹெட் படகுத்துறையில் கண்டறியப்பட்டது. தொட்டால் நீரைப் பீய்ச்சும் தனி அசிடியன்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அசிடியனாகவே தோன்றாது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள எண்ணற்ற உயிரிகள் ஒரே உறைக்குள் சேர்ந்து வாழும் கூட்டுயிரி இது.

பிரிட்டன் கடற்கரையில் இதைத் தேடுவோர் கோடையின் இறுதியிலோ இலையுதிர் காலத்திலோ செல்ல வேண்டும். நீர் குளிர்ந்ததும் இது சுருங்கிவிடும் என்பதால், குளிர்காலத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதை வைத்து அந்த இடத்தில் இது இல்லையென்று முடிவுகட்ட முடியாது. மிதவை மேடைகளின் அடிப்பகுதி, தொங்கும் கயிறுகள், படகின் அடிப்புறம், சிப்பி வளர்ப்புக் கூண்டுகள் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம்.

பலரும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது என்பேன். வெளிர்மஞ்சளும் வெளிர் ஆரஞ்சும் கடற்பஞ்சுகளுக்கும் உண்டு. வடிவம் இதைவிட நம்பத்தக்கது: தட்டையான பரப்பில் மெல்லிய விரிப்பாகப் படரும் இந்த உயிரி, கயிறுகளில் உருகி வழிந்து உறைந்த மெழுகைப் போல நீண்டு தொங்கும். பிரிட்டன் கடலில் இயல்பாகவே வாழும் உறவினமான டிடெம்னம் மாகுலோசம் இவ்வாறு தொங்காமல் மெல்லிய படலமாகவே நிற்கும். ஆனால் அயல் இனமும் இளம் பருவத்தில் படலமாகவே இருப்பதால், தொங்கல் இல்லையென்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் மேற்பரப்பை ஆராய வேண்டும். சுண்ணாம்பாலான வெண்ணிற நுண்முட்கள் நிறைந்த பரப்பில், ஒவ்வோர் உயிரியும் நீரை உள்ளிழுக்கும் துளை கரும்புள்ளியாகத் தெரியும். கழிவுநீர் வெளியேறும் பெரிய துளைகளை நோக்கிக் கருமையான கால்வாய்கள் ஓடும். நட்சத்திர வடிவில் உயிரிகள் அணிவகுத்திருந்தால் அது பொட்ரிலஸ் என்ற வேறொரு கூட்டு அசிடியன். நுண்முட்களே இல்லாமல் கூழ்போல ஒளி ஊடுருவினால் டிப்ளோசோமா என்ற இன்னொரு கூட்டு அசிடியனாக இருக்கலாம். விரல்களுக்கிடையே பொடிந்து உதிர்வது பெரும்பாலும் கடற்பஞ்சு.

இத்தனையும் பொருந்தினாலும் அது வலுவான ஐயம் மட்டுமே. நுண்ணோக்கியில் உள்ளமைப்பைப் பார்த்தோ மரபணுவைச் சோதித்தோதான் இனத்தை உறுதிசெய்ய இயலும். அளவுகோலை அருகில் வைத்து, நீருக்குள் இருக்கும்போதே தெளிவான படங்கள் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து, பிரிட்டனில் உயிரினங்களைக் கண்ட பதிவுகளைத் திரட்டும் ஐரெக்கார்டு (iRecord) இணையதளத்தில் பதிவு செய்யலாம். மரபணுச் சோதனைக்கான மாதிரியை 95 சதவீத எத்தனாலில் இட வேண்டும். உள்ளமைப்பைப் பார்ப்பதற்கான மாதிரியை மென்தால் கலந்த கடல்நீரில் தளரவிட்ட பிறகே ஃபார்மலினில் இட வேண்டும். அந்த ஃபார்மலினின் அமிலத்தன்மையை முன்கூட்டியே நீக்காவிட்டால் சுண்ணாம்பு நுண்முட்கள் கரைந்துபோகும். மிச்சத்தைச் சுரண்டிக் கடலில் விடவே கூடாது: பிய்ந்த துண்டுகள் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு மீண்டும் வளரும்.