கொடியில் ஒரு காகம்: லினோ அச்சும் கொஞ்சம் வண்ணமும்

அச்சு ஓவியம் என்றதும் பெரிய இரும்பு பிரஸ், அமிலத் தொட்டி என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். லினோ அச்சுக்கு, அதாவது லினோலியம் துண்டில் படம் செதுக்கி, மை பூசித் தாளில் பதிப்பதற்கு, அதெல்லாம் வேண்டாம். ஒரு மேசை, இரண்டு உளி, அடுப்படியிலிருந்து ஒரு மரக்கரண்டி போதும்.

லினோலியம் முதலில் தரையில் விரிக்க வந்த பொருள். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணி மேல் படியவைத்தது. 1863-இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஃபிரெடரிக் வால்டன், அதில் படம் செதுக்குவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். தண்டி யாத்திரையை ஒட்டி 1930-இல் ஓவியர் நந்தலால் போஸ் செய்த, தடி ஊன்றி நடக்கும் காந்தி படம் லினோ அச்சுதான். அதைத் தேடி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளைக் கோடுகளை மட்டும் கவனியுங்கள். அவையெல்லாம் உளி போன தடம். வெள்ளைத் தாளில் கறுப்பை வைத்தே பழகிய நமக்கு, இங்கே கறுப்பிலிருந்து வெள்ளையை எடுக்கும் வேலை. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நாம் செய்யப்போவது, துணி காயும் கொடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு காகம். அளவு 10 × 15 செ.மீ. காகம் அச்சில், துணிகள் வண்ணத் தாளில், வானம் நீர்வண்ணத்தில்.

வாங்க வேண்டியவை: லினோ துண்டு, 'வி' வடிவ உளி ஒன்று, 'யூ' வடிவ உளி ஒன்று, சின்ன ரப்பர் ரோலர், எண்ணெய் அடிப்படையிலான கறுப்பு அச்சு மை. மை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நீரில் கரையும் மை மலிவு, கழுவுவதும் சுலபம். ஆனால் அதன் மேல் நீர்வண்ணம் பட்டால் காகம் கரைந்து வானத்தோடு போய்விடும். தாள் வழவழப்பாக, கனம் 120 முதல் 150 ஜி.எஸ்.எம். வரை இருக்கட்டும். தடித்த தாளில் கையால் தேய்த்து அச்செடுப்பது கஷ்டம்.

படம்

ட்ரேசிங் தாளில் 4பி பென்சிலால் நன்றாக அழுத்தி வரையுங்கள். அதை லினோ மேல் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் தேய்த்தால் படம் தலைகீழாக, அதாவது இடவலம் மாறி, இறங்கிவிடும். அச்சில் திரும்ப நேராகும். ஒருமுறை அவசரத்தில் ட்ரேசிங் இல்லாமல் லினோவிலேயே நேராக 'பொங்கல் வாழ்த்து' என்று எழுதிச் செதுக்கினேன். முதல் அட்டையை உரித்துப் பார்த்தால் 'பொ'வில் காலும் கொம்பும் இடம் மாறி நிற்கின்றன. கண்ணாடியில் பார்த்துப் படித்துக்கொள்ளும்படி வாழ்த்து அனுப்ப முடியுமா! எழுத்து வைப்பதாக இருந்தால் கட்டாயம் ட்ரேசிங்.

படம் இறங்கியதும், கறுப்பாக வரவேண்டிய இடத்தையெல்லாம் அழியாத மார்க்கரால் நிரப்பிவிடுங்கள். எதை வெட்டக்கூடாது என்பது உளி எடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

செதுக்கல்

லினோவை ஐந்து நிமிடம் வெயிலில் வையுங்கள். எண்ணெய் இளகி வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். குளிர்ந்துகிடக்கும் பழைய லினோ நொறுங்கும், உளியும் சறுக்கும்.

பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள், மற்ற தவறுகளுக்குத் தையல் போடவேண்டி வராது.

முதலில் 'வி' உளியால் காகத்தின் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். வளைவில் உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள். ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். சணல் தெரிந்தால் அதிகம். இறகுக்கு நாலைந்து மெல்லிய வெட்டு, கண்ணுக்கு ஒரே ஒரு புள்ளி. புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் ஒவ்வொரு இறகாகக் கோடு போட்டுக் காகத்தை வரிக்குதிரை ஆக்குவார்கள். கறுப்பைக் கறுப்பாக விடுங்கள். துணிகளுக்கு வெளிக்கோடும் ஓரிரு மடிப்பும் மட்டும் மிஞ்சட்டும். மற்ற இடத்தை 'யூ' உளியால் வழித்தெடுங்கள். வானத்தில் உளித் தடம் கொஞ்சம் மிச்சமிருந்து மை பிடித்தாலும் பரவாயில்லை, எனக்கு அது பிடிக்கும்.

வண்ணத் தாள்

லினோவில் உள்ள துணி வடிவத்தை ட்ரேசிங்கில் எடுத்து, மெல்லிய வண்ணத் தாளின் பின்பக்கம் பதித்து வெட்டிக்கொள்ளுங்கள். பட்டத் தாள் வேண்டாம். ஆசைப்பட்டு ஒட்டினேன், வானத்துக்கு ஈரத் தூரிகை வைத்ததும் சிவப்புச் சாயம் இறங்கிப் படம் முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. மெல்லிய வெள்ளைத் தாளில் அக்ரிலிக் பூசிக் காயவைத்தால் நிறம் அசையாது. ஒட்டுவதற்கு, போஸ்டர் ஒட்டக் காய்ச்சுகிற அதே மைதாப் பசை. நீர்க்க, கட்டியில்லாமல் வடிகட்டி எடுங்கள்.

அச்சு

கண்ணாடித் துண்டில் பட்டாணி அளவு மையை வைத்து ரோலரால் பரப்புங்கள். காதால் கேட்டே பதம் சொல்லலாம். 'சளக் சளக்' என்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். தோசை மாவைக் கல்லில் தேய்க்கும்போது வருமே, அப்படி 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வந்தால் சரி. லினோவில் நாலு திசையிலும் மெல்லிசாக உருட்டுங்கள்.

இப்போது துணி வடிவில் வெட்டிய தாள் துண்டுகளின் பின்பக்கம் பசை தடவி, வண்ணப் பக்கம் கீழே, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி, மை பூசிய லினோவில் அந்தந்த இடத்தில் வையுங்கள். அதற்கு மேல் அச்சுத் தாள். மையும் பசையும் ஒரே தேய்ப்பில் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் இதை ஷீன் கோலே என்பார்கள். தாள் மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் மறுபடி படியவைத்துத் தேய்க்கலாம். முதல் பிரதி அநேகமாக மங்கலாகத்தான் வரும். மூன்றாவதிலிருந்து லினோ மை குடித்துப் பழகிவிடும்.

வானம்

கிளிப் போட்டுத் தொங்கவிட்டு ஒரு வாரம் காயட்டும், மழைக்காலமானால் இன்னும் சில நாள். விரலில் கறுப்பு ஒட்டவில்லை என்றால் நீர்வண்ணம் பூசலாம். எண்ணெய் மை தண்ணீரைத் தள்ளிவிடும் என்பதால் காகத்தைச் சுற்றிப் பயந்து பயந்து பூச வேண்டியதில்லை, தைரியமாக மேலேயே இழுங்கள். நான் மேலே நீலம், கீழே வரவர வெறும் தண்ணீர் என்று விடுவேன்.

காய்ந்த பிறகு படத்துக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் 1/8, 2/8 (எட்டுப் பிரதியில் முதலாவது, இரண்டாவது) என்று எண், வலப்பக்கம் கையெழுத்து. ரோலரையும் கண்ணாடியையும் லினோவையும் முதலில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடை. ரோலரை மேசையில் படுக்கவைக்காதீர்கள், ஒரு பக்கம் தட்டையாகிவிடும், ஆணியில் மாட்டுங்கள்.